சரசுவின் வலது கால்

போன மாதம் கவிதா அழைத்தாள். பேராக் மாநிலப் பெண்கள் ஓட்ட அணிக்கு இப்போது அவள்தான் பயிற்சியாளர். நான் ஓய்வு பெற்ற அன்று என் விசிலையும் ஸ்டோர் ரூம் சாவியையும் வாங்கிக்கொண்டவள். எப்போதும் சிரித்துக்கொண்டே பேச்சைத் தொடங்குகிறவள், அன்று நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“அக்கா, இனிமே அனைத்துலகப் போட்டிக்குப் போற பொம்பளப் பிள்ளைங்க எல்லாரும் ஒரு தடவ டெஸ்ட் எடுக்கணுமாம். கன்னத்துக்குள்ள பஞ்சு வச்சித் தேய்ப்பாங்களாம். பொம்பளதானான்னு பாக்கவாம். பிள்ளைங்க பயப்படுறாங்க லா. ஒரு அம்மா என்னைத் தனியா கூப்பிட்டு, ‘இதுல என் மவ கெட்டுப் போயிட்டாளான்னு தெரியுமா’ன்னு கேக்குறாங்க. எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. நீங்க ஓடுன காலத்துல இது இருந்துச்சுதானே?”

“இருந்துச்சு.”

“அப்ப யாராச்சும்…”

கேள்வியை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்க விடவில்லை. அணியின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், பிள்ளைகளும் பெற்றோரும் படிக்கட்டும் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. ஒருத்தியிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டேன். அவள் என்ன சொன்னாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சிலிம் ரிவருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா, அம்மா இருவரும் பால் மரம் சீவியவர்கள். தோட்டப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஒரு பிஸ்கட் டின் பரிசு வாங்கினேன். அந்த டின் என்னைப் பட்டணத்துப் பள்ளிக்கும், அங்கிருந்து ஈப்போவுக்கும், பிறகு தேசிய அணிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஓடத் தெரிந்ததால் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சு வேலை கொடுத்தார்கள். பகலில் தட்டச்சு, மாலையில் திடல். சில ஆண்டுகள் நான்தான் நாட்டிலேயே வேகமான பெண் என்று பத்திரிகைகள் எழுதின. பதக்கங்கள் அலமாரியில் இருக்கின்றன. என் மருமகள் அவற்றை வருடத்துக்கு ஒரு முறை துடைக்கிறாள். அவற்றைப் பற்றிப் பேசும் ஆசை எனக்கு எப்போதோ போய்விட்டது.

பேச வேண்டியது சரசுவைப் பற்றி. சரசு அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. கோலா கங்சார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பா சிறு வயதிலேயே போய்விட்டார், வீட்டில் அம்மாவும் அவளும்தான். விடியுமுன் பெரட்டுக்குப் போய் ஆள் கணக்குக் கொடுத்துவிட்டு, அம்மாவோடு மரம் சீவிவிட்டு, அதன் பிறகு பள்ளிக்கு ஓடியவள். ஈப்போ பயிற்சி முகாமில் எங்களுக்கு ஒரே அறை. என்னைவிட உயரம். நேர்ப்பாதையில் நான் அவளை ஜெயிப்பேன். வளைவில் என்றால் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. மற்றவர்கள் வளைவில் கொஞ்சம் தடுமாறுவார்கள், இவளோ வளைவுக்குப் போனதும்தான் உற்சாகமாவாள். அதனால் நான்கு பேர் ஓடும் ரிலேயில் மூன்றாவது ஆள் சரசு, கடைசி ஆள் நான். அவள் கையிலிருந்து குச்சியை வாங்கி முடிவுக்கோடு வரை கொண்டுபோவது என் வேலை.

எங்களை இப்படி நிறுத்தியவர் சிவபாலன் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரக் குடும்பம். ஈப்போவில் ஆங்கிலப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வெயில் எப்படி அடித்தாலும் நீளக் கால்சட்டை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நேரம் பார்க்கும் கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றித்தான் வைத்திருப்பார். வேர்வை பட்டால் கெட்டுப்போகுமாம். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், நாங்கள் கிட்டப் போய்க் காதைக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நடையே எங்களுக்குத் தண்டனைதான்.

ரிலேயில் வேகத்தைவிட வாங்கிக் கொடுப்பதுதான் பெரிய வேலை. அதை அவர் எங்களுக்குப் புகட்டிய விதம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. குச்சி வாங்குகிறவள் தன் இடத்தில் நின்று, அங்கிருந்து பின்னோக்கி, குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட அடி வைத்து அளந்துகொண்டு போக வேண்டும். அளந்து முடிந்த இடத்தில் கிளினிக் பிளாஸ்டரில் ஒரு துண்டைக் கிழித்துத் தரையில் ஒட்ட வேண்டும். கொண்டுவருகிறவளின் கால் அந்தப் பிளாஸ்டரைத் தொட்ட நொடியில் வாங்குகிறவள் முன்னால் பார்த்து ஓடத் தொடங்கிவிட வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரல் கேட்டதும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். குச்சி கைக்கு வரும்.

அணியில் மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் இருந்ததால் பொதுக் குரல் ‘நாஹ்’. இந்தா, பிடி என்று மலாயில் அர்த்தம். எனக்கும் சரசுவுக்கும் நடுவில் மட்டும் ‘இந்தா’. கூட்டத்தின் இரைச்சலில் நாலு அணிக்காரர்கள் நாலு பாஷையில் கத்தினாலும், அவளுடைய ‘இந்தா’ எனக்குத் தனியாகக் கேட்கும்.

முதல் மாதம் நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் மாஸ்டர் கிட்டே வந்து, வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார்.

“பிள்ளை, நீ திரும்பிப் பார்த்தா, பின்னால வாறவளை நீ நம்பேல்ல எண்டு அர்த்தம். வாறது சரசு எண்டு உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும் மாஸ்டர்.”

“பிறகேன் பார்க்கிறாய்?”

அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. சரசு இருபதை நெருங்கியும் வயதுக்கு வரவில்லை. பயிற்சி கடுமையானால் எங்களுக்கெல்லாம் மாதக்கணக்கில் தள்ளிப்போவது உண்டு. ஆகையால் நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவள் அம்மா மட்டும் அவ்வப்போது கேட்பார். “ஓடுற உடம்பு, சூடு. ஓட்டத்த நிப்பாட்டுனா தன்னால வரும்” என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் சமாதானம் சொல்வார்கள். அம்மாவும் தலையாட்டுவார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

எங்கள் அணி உச்சத்தில் இருந்த வருடம், வெளிநாட்டில் ஒரு பெரிய போட்டிக்குப் போனோம். குளிர் நாடு. பதக்கம் உறுதி என்று எல்லோரும் சொன்னார்கள். மாஸ்டரே அதை மறுக்கவில்லை, அவரிடம் அது பெரிய விஷயம்.

போய்ச் சேர்ந்த மறுநாள் பெண்கள் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி ஒரு மருத்துவ அறைக்குக் கொண்டுபோனார்கள். பல நாட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். பெயர் கேட்கவில்லை, ஓர் எண் கொடுத்தார்கள். உள்ளே ஒரு டாக்டரம்மா ஐஸ்கிரீம் குச்சி மாதிரி ஒரு மரத்துண்டால் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, ஒரு கண்ணாடித் துண்டில் தடவினார். வலிக்கவில்லை. தேறியவர்களுக்குப் படம் ஒட்டிய ஓர் அட்டை. இவர் பெண் என்று அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

எங்களுக்கு அது ஒரே வேடிக்கை. வரிசையில் நின்றபோது சரசு சொன்னதுதான் எல்லோரையும் அதிகம் சிரிக்க வைத்தது.

“இதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்? லயத்துல எங்கம்மாவ கேட்டா சொல்லியிருக்கும்லா.”

மறுநாள் எங்கள் அட்டைகள் வந்தன. சரசுவுக்கு வரவில்லை. கண்ணாடியில் தடவியது சரியாக விழவில்லை என்று அவளை மறுபடி அழைத்துப்போனார்கள். இம்முறை ரத்தம் எடுத்தார்கள். அதற்கடுத்த நாளும் அட்டை வரவில்லை. எங்கள் நாட்டுக் குழுவின் பெரிய மனிதர்கள் ஓர் அறையில் கூடிப் பேசினார்கள். மாஸ்டரை உள்ளே அழைத்தார்கள். சரசு என் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். “எனக்கு ஏதாச்சும் சீக்கு இருக்குமோ ருக்கு?” என்று கேட்டாள். ரத்தம் எடுத்ததால் அவளுக்கு அந்தப் பயம் வந்துவிட்டது. “உனக்கா? தின்னுற தீனியப் பாத்தா அப்படித் தெரியலயே” என்றேன்.

மாஸ்டர் வந்தார். கதவைச் சாத்தினார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை, உண்மை தெரிந்த ஒருத்தி அவளோடு இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். கையில் கைக்குட்டை சுற்றிய கடிகாரம் இருந்தது. அந்த அறையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

“சரசு, உனக்குக் கால்ல அடி” என்றார்.

“இல்ல மாஸ்டர். கால் நல்லாத்தான் இருக்கு.”

“இல்லைப் பிள்ளை. அடி. வலது கால், தொடைக்குப் பின்பக்கம்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ரத்தத்தில ஏதோ ஒண்டு பொருந்தேல்லையாம். பொம்பிளைப் பிரிவில நீ ஓட ஏலாதாம். வெளியில சொன்னா பேப்பர்க்காரன் விடமாட்டான். உன் பேரை நாறடிச்சுப் போடுவான். அதனால அடி. விளங்குதோ?”

ஆரஞ்சுச் சுளை அவள் கையிலேயே இருந்தது.

“நான் பொம்பள இல்லன்னா, யாரு மாஸ்டர்?”

மாஸ்டர் பையிலிருந்து பட்டைத் துணிச் சுருளை எடுத்தார். அவள் காலைக் கட்டிலில் நீட்டச் சொன்னார். முழங்காலுக்கு மேலிருந்து தொடங்கி, ஒரு சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூடுகிற மாதிரி, மடிப்பு விழாமல், ரத்த ஓட்டம் தடைபடாமல், உண்மையான காயத்துக்குக் கட்டுவது போலவே கட்டினார். ஒரு விரலை உள்ளே விட்டு இறுக்கம் பார்த்தார். ஊசி குத்தாமல் இருக்க, முனையைத் தோலிலிருந்து விலக்கித் துணிக்குள் செருகினார். நல்ல காலுக்கு அவ்வளவு நேர்த்தியாகக் கட்டுப்போட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பிறகு அவளை எழுந்து நடக்கச் சொன்னார். அவள் நடந்தாள். சும்மா நடந்தாள்.

“அப்பிடி இல்லை. இது அடிபட்ட நடை இல்லை” என்றார்.

அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை அவளை நடக்க வைத்தார். “வலது காலில பாரம் போடாத. குதிகாலை ஊண்டாத. நொண்டுறவள் கையை வீசமாட்டாள், கையை உடம்போட வை. தலையைக் குனி. திரும்பேக்க மெதுவாத் திரும்பு.” ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு திருத்தம். ஓட்டத்தில் தோளை எப்படி வைக்க வேண்டும், முட்டியை எவ்வளவு தூக்க வேண்டும் என்று மாலை தவறாமல் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே குரல், அதே பொறுமை. அவளும் திடலில் கேட்ட மாதிரியே கேட்டுச் செய்தாள். சொன்னதை உடனே பிடித்துக்கொள்கிற உடம்பு அவளுக்கு. கொஞ்ச நேரத்தில் நன்றாக நொண்டினாள்.

“இப்ப சரி” என்றார் மாஸ்டர். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

அன்று மாலை, கட்டை அவிழ்த்துவிட்டு, பயிற்சித் திடலில் எல்லா நாட்டுக்காரர்களும் பார்க்க அவள் கொஞ்ச தூரம் ஓடினாள், தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். எல்லாம் தெரிந்த நானே பதறிப்போய் ஓடினேன். தரையில் முகம் புதைத்து அழுதாள். சுற்றி நின்றவர்கள் அதைக் கால்வலி என்று நினைத்தார்கள்.

அவளுக்குப் பதிலாக ஒரு பிள்ளை ஓடியது. நல்ல பிள்ளைதான், வளைவிலும் நன்றாகத்தான் வந்தது. பிளாஸ்டரைத் தொட்டதும் நான் கிளம்பினேன். ‘நாஹ்’ என்று குரல் வந்தது. என் கை நீளவில்லை. அந்த இடத்தில் என் காது வேறு குரலுக்குப் பழகியிருந்தது. ஒரு கண நேரத் தாமதம், அவ்வளவுதான். நாலாவதாக வந்தோம். பார்வையாளர் வரிசையில் சரசு கட்டுப்போட்ட காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

கவிதா, இந்தக் கட்டுரையை நீ இதோடு முடித்து அச்சிட்டாலும் போதும் என்று சில நாள் நினைத்தேன். ஆனால் அந்தக் காயம் திடலோடு நிற்கவில்லை. தோட்டத்துக்குப் போனது.

ஊர் திரும்பியபோது பத்திரிகைகளில் காயம் என்றுதான் வந்திருந்தது. தோட்டத்து ஜனம் முழுக்க வாசலில் நின்றது. கணக்கெழுதும் கிராணி முதல் கூட்டித் தள்ளுகிற ஆயா வரை. அவள் காரிலிருந்து நொண்டிக்கொண்டு இறங்கினாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நான் கூடப் போயிருந்தேன். “எங்க தோட்டத்துக் காலு, இப்படி ஆயிப்போச்சே” என்று ஒரு பெரியவர் சொன்னார். அவள் கால் அப்போது அந்தத் தோட்டத்துக்கே சொந்தம்.

உருவிவிடுகிற மலாய்க்காரப் பாட்டியைக் கூட்டி வந்தார்கள். எலும்பு பார்க்கிற சீனக் கிழவரிடம் கொண்டுபோனார்கள். அவர் வேர்த் தைலத்தைக் கொடுத்துத் தினமும் தேய்க்கச் சொன்னார். மரம் சீவிவிட்டு வந்த கையோடு அம்மா தினமும் தேய்த்தார். இரண்டு மாதத்தில் ஆறும் என்று நினைத்தார்கள், ஆறவில்லை. ஆறினால் ஓட வேண்டும். ஓட முடியாதே. அவள் நொண்டிக்கொண்டே இருந்தாள்.

தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்கள். எல்லோரும் சேர்ந்து வெள்ளியில் ஒரு கால் செய்து, திருவிழாவில் அம்மன் பாதத்தில் வைத்தார்கள். அவள் பால்குடம் தூக்கி, நொண்டிக்கொண்டே கோயிலைச் சுற்றினாள். மேளம் அடித்தவரே அழுதுவிட்டார் என்று எனக்குச் சொன்னாள். அதற்கும் கால் சரியாகவில்லை. எங்கோ குறை வைத்துவிட்டோம் என்று ஊர் பேசிக்கொண்டது. விரதம் சரியில்லை, யாரோ தீட்டோடு வந்துவிட்டார்கள் என்று ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். இல்லாத காயத்துக்காக இரண்டு வீட்டுக்காரர்கள் பேசாமல் போனார்கள்.

அடுத்த திருவிழாவில் அம்மாவே தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டார். சரசுவுக்கு அது தெரிந்தபோது காப்புக் கட்டியாகிவிட்டது. எனக்குச் செய்தி அனுப்பினாள், ஓடினேன். “அம்மாகிட்ட சொல்லிடுறேன் ருக்கு” என்றாள். என்னவென்று சொல்வாள்? அவளுக்கே அது என்னவென்று தெரியாது. லயத்தில் ஒரு சொல் வெளியே போனால் எப்படித் திரும்பி வரும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்பதற்குத் தோட்டத்தில் என்னென்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியும். அவளைச் சொல்வதோடு நிற்கமாட்டார்கள், பெற்றவளையும் சொல்வார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அம்மா மஞ்சள் சேலையில் பூக்குழிக்குள் இறங்கினார். பலருக்கு ஒன்றும் ஆகாத அந்த நெருப்பு அவருக்கு ஆனது. கடைசி அடியில் தடுமாறி, பால் ஊற்றி வைத்த பள்ளத்தில் விழுந்தார். பாதம் இரண்டும் வெந்துபோயிருந்தது. சரசு என் பக்கத்தில்தான் நின்றாள். “அம்மா!” என்று கத்திக்கொண்டு ஓடினாள். நொண்டவில்லை. ஓடினாள். நான் எத்தனையோ திடலில் பார்த்த அதே ஓட்டம்.

ஜனத்திடமிருந்து “ஆத்தா!” என்று எழும்பிய சத்தத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அம்மன் கண் திறந்துவிட்டாளாம். பூசாரி வேப்பிலையோடு ஆடினார். அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள் காலில் ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே பத்திரிகையிலிருந்து ஆள் வந்தார். தேசிய அணிக்கு எப்போது திரும்புவாள் என்று எல்லோரும் கேட்டார்கள். அம்மாவின் பாதம் ஆறிய மறுநாள் விடியற்காலையில் அவள் பினாங்கு பஸ்ஸில் ஏறினாள். பயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். தெய்வம் கொடுத்த காலை வைத்துக்கொண்டு ஓடாமல் போய்விட்டாளே என்று தோட்டம் அவளைத் திட்டியது. நன்றி கெட்டவள் என்றது. காதல், அதனால்தான் ஓடிவிட்டாள் என்றும் சொன்னார்கள். அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

சிவபாலன் மாஸ்டர் மறு ஆண்டே பயிற்சியை விட்டுவிட்டார். சாகும்வரை என்னிடம் அவளைப் பற்றிக் கேட்டார், அவளிடம் ஒரு நாளும் பேசவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். எனக்கு இன்றுவரை அடங்காத ஆத்திரம் அதில்தான். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

பல வருடம் கழித்து ஈப்போவில் ஒரு டாக்டரம்மாவிடம் அவளை இழுத்துக்கொண்டு போனேன். அவர் படம் வரைந்து விளக்கினார். ஆண்களுக்கு உள்ள ஒரு கூறு சரசுவின் உயிரணுக்களில் இருக்கிறது, ஆனால் அது சொல்வதை அவள் உடம்பு கேட்பதே இல்லை, பெண்ணாகவே பிறந்து பெண்ணாகவே வளர்ந்த உடம்பு, ஓட்டத்துக்கு அதனால் ஒரு லாபமும் கிடையாது என்றார். சரசு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப நான் ஓடியிருக்கலாமா டாக்டர்?” என்று ஒன்றுதான் கேட்டாள். இப்போது வந்திருக்கும் விதிகளில் அவளைப் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு என்று, யாருக்கென்று சொல்லாமல் நான் கேட்டபோது, கவிதா படித்துச் சொன்னாள். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை.

போன வாரம் சரசுவின் வீட்டுக்குப் போனேன். முதலாளி தோட்டத்தை விற்று, வாங்கியவர்கள் ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்ட பிறகு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைத்துக் காலம் தள்ளியவள். அடுக்குமாடியில் மேல்மாடி. லிஃப்ட் கெட்டுப்போயிருந்தது. நான் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினேன். அவள் என்னை அழைத்துப்போகக் கீழே வந்தவள், இந்த வயதிலும் படியில் எனக்கு முன்னால் ஏறிப் போனாள்.

கவிதா கேட்டதைச் சொன்னேன். “பேரு போடமாட்டேன். தோட்டம் எதுன்னும் சொல்லமாட்டேன். நீ வேணாம்னா விட்டுடுறேன்” என்றேன்.

சுவரில் அம்மாவின் படம் மாலையோடு இருந்தது. போன வருடம்தான் காலமானார். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே சரசு பேசினாள்.

“அம்மா படுக்கையில கெடந்தப்ப ஒரு நாளு, ‘உன் காலுல ஒண்ணும் இல்லன்னு எனக்கு மொத நாளே தெரியும்’னு சொல்லுச்சு ருக்கு. தெனமும் தைலம் தேய்க்கிற கை. வீக்கம் இருக்கா, முடிச்சு இருக்கான்னு அந்தக் கைக்குத் தெரியாதா?”

நான் அம்மாவின் படத்தைப் பார்த்தேன்.

“‘அப்பறம் ஏம்மா தீயில எறங்குன?’ன்னு கேட்டேன். ‘நீ எதையோ மனசுல வச்சிக்கிட்டு நொண்டுற. கேட்டாச் சொல்லமாட்ட. காலுக்குன்னு வேண்டிக்கிட்டாத்தான் ஊரு வேற எதையும் கேக்காம விடும். நான் ஆத்தாகிட்ட காலக் கேக்கல, உன்னத்தான் கேட்டேன்’னு சொல்லுச்சு.”

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கவிதா, பிள்ளைகளிடம் பஞ்சு வலிக்காது என்று சொல். அந்த அம்மாவிடம், அவர் நினைக்கிற சங்கதி எதுவும் இதில் தெரியாது என்று சொல். ஒருத்திக்குப் பதில் வேறு மாதிரி வந்தால், கதவைச் சாத்திவிட்டு அவளுக்கு நொண்டச் சொல்லிக்கொடுக்காதே. டாக்டரிடம் கூட்டிப்போ, அவள் கேட்கிற கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திரு. பெற்றவளையும் உள்ளே கூப்பிடு.

கிளம்பும்போது சரசு வாசல்வரை வந்தாள்.

“எழுது ருக்கு. பேரு வேணாம். என்ன டெஸ்டு, என்ன ரத்தம், அதெல்லாம் உன் இஷ்டம். ஒண்ணு மட்டும் மறக்காமப் போடு.”

“என்ன?”

“அன்னிக்கு என் காலு நல்லா இருந்துச்சு.”